வாடிய பூவுக்குப் பணம் கேட்டு

ஒக்டோபர் 3, வெள்ளி

காலையிலிருந்து தூறல். மடவளைப் பள்ளிவாசல் மினாரா பாதி மேகத்துக்குள். என் வீட்டுக்காரர் ஃபஸ்லி ஸ்கூல் வேன் ஓட்டிவிட்டு வந்து, ஜும்ஆவுக்கு முன் கொஞ்சம் சாய்ந்தார். அந்த நேரத்தில் ஹோட்டலுக்கு ஈமெயில் எழுதினேன்.

கண்டி வாவிக்கு மேலே, மலையில் இருக்கும் ஹோட்டல். ஜூலையில் அங்கே ஒரு கல்யாணத்துக்கு மேடை, வாசல், மேசைகள் எல்லாவற்றுக்கும் பூ வேலை என்னுடையது. ஒரு மாதத்தில் பணம் என்றார்கள். பூ எல்லாம் எப்போதோ மண்ணாகிவிட்டது. மணப்பெண்ணுக்கு இந்நேரம் மசக்கையாகக்கூட இருக்கும். பணம் மட்டும் வரவில்லை.

கணக்குப் பிரிவில் சேனக்க என்று ஒருவர். இன்வொய்ஸை அவருக்குத்தான் அனுப்பினேன். “கிடைத்தது, நன்றி” என்று ஒரு பதில் வந்தது. அதன் பிறகு எத்தனை எழுதியும் மௌனம்.

இன்று எழுதியதை ஃபஸ்லி எழுந்து வாசித்தார்.

“ரிஸ்னா, இது சல்லி கேக்குற காயிதமா, மன்னிப்புக் கேக்குற காயிதமா? மூணு எடத்துல சொரி ஈக்கி.”

“மரியாதையா கேக்கணுமே.”

“சல்லி தரோணும் அவங்க. சொரி சொல்றது நீங்க.”

இரண்டை எடுத்தேன். ஒன்றை விட்டேன். அனுப்பியாயிற்று.

வாங்க: பூக் குத்தும் பச்சை ஸ்பொஞ்ச், வெள்ளை ரிப்பன், உம்மாவின் பிரஷர் குளிசை, முட்டை.

ஒக்டோபர் 5, ஞாயிறு

கடுகண்ணாவை. மேலே ஏற ஏற மூடுபனி. வேன் லைட்டைப் போட்டுக்கொண்டே போனோம்.

ராஜேந்திரன் அண்ணனின் அந்தூரியத் தோட்டம். கறுப்பு வலைக்குக் கீழே எப்போதும் அந்திப்பொழுதுபோல் இருக்கும். வெள்ளைப் பூக்கள் எல்லாம் ஒரே பக்கம் முகம் திருப்பி, யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல. கணவாயில் ரயில் ஏறியது. பூக்கள் மெல்ல ஆடி நின்றன. நான் எதற்கு வந்தேன் என்பதையே கொஞ்ச நேரம் மறந்து நின்றேன்.

வந்தது 25ஆம் திகதி கட்டுகஸ்தோட்டைக் கல்யாணத்துக்குப் பூச் சொல்ல. அண்ணன் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு சொன்னார்.

“தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. ஜூலை பாக்கி இன்னும் நிக்குது. ஒங்களுக்கு இல்லாம நான் யாருக்குக் குடுக்கப்போறேன்? ஆனா எனக்கும் ஒரக்கடைக்காரன் வாசல்ல வந்து நிக்கிறான்ல.”

அவர் கேட்டது நியாயம். ஹோட்டல் எனக்குத் தராததால் நான் அவருக்குத் தரவில்லை. கல்யாணக்காரர் தந்த முற்பணம் வேனின் கியர் பெட்டிக்குள் போய்விட்டது. பூ இல்லையென்றால் 25 இல்லை. 25 இல்லையென்றால் திரும்பவும் டவுன் துணிக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கவேண்டியதுதான்.

திரும்பும் வழியில் மழை. வைப்பர் மட்டும் பேசியது.

ஒக்டோபர் 7, செவ்வாய்

வெயில். பிறகு மழை.

காலையில் கோபத்தோடு ஒன்று எழுதினேன். “சட்ட நடவடிக்கை” என்ற சொல் எல்லாம் போட்டு. வாசித்தால் யாரோ லோயர் என் குரலில் பேசுவதுபோல் இருந்தது. அழித்தேன்.

நுஸ்ரத்துக்கு ஃபோன். என்னோடு படித்தவள், பேங்கில் வேலை. அவள் சொன்னது: “கோவத்துல எழுதாத. பயத்துலயும் எழுதாத. இன்வொய்ஸ் நம்பர், தொகை, எப்ப தந்திருக்கணும், எப்ப தருவீங்க. அவ்வளவுதான்டி. கதை எழுதாத.”

கதை எழுதினேன்.

லுஹர் தொழுதுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கூரையில் மழை ஒரே சீராக. அரைத் தூக்கம். ஆங்கிலம் எனக்கு நடந்துதான் வரும், ஓடி வராது. இன்று எப்படியோ மிதந்து வந்தது. சேனக்கவுக்கு எழுதியது ஏறக்குறைய இப்படி:

“அன்று விடியும்போது உங்கள் மண்டபத்தில் நான் மட்டும்தான். விளக்குப் போடும் ஆள் இன்னும் வரவில்லை. வாவியின் வெளிச்சம் கண்ணாடி வழியாக ஏறி வந்து கூரையில் அசைந்தது. வெள்ளை உறை போட்ட கதிரைகள். தண்ணீருக்குள் நின்று பூக் கட்டுவதுபோல் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. மற்ற நேரத்துக்கு மட்டும் பணம் தாருங்கள்.”

அனுப்பியும் விட்டேன். அனுப்பிய பிறகுதான் முழுதாக விழித்தேன்.

யா அல்லாஹ்.

ஒக்டோபர் 10, வெள்ளி

பதில் இல்லை.

மீன் கழுவும்போதும் சேனக்கவின் நினைப்பு. மெலிந்த ஆள், கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனை என்று நானே வைத்துக்கொண்டேன். என் ஈமெயிலைத் திறக்கிறார், வாசிக்கிறார், ஜன்னலைப் பார்க்கிறார், மூடுகிறார். அவருக்கும் ஏதோ கஷ்டம் என்றுகூட நினைத்தேன். அவருக்காக இரக்கப்பட்டேன்! எனக்குத் தரவேண்டிய மனிதனுக்காக.

பஸ்ஸில் பின் சீட்டில் ஒரு பெண் இன்னொருத்தியிடம்: “நேர்ல போய் நின்னாத்தான் தருவான். ஃபோனுக்கெல்லாம் அவனுக்குக் காது கேக்காது.”

யாரைச் சொன்னாளோ.

ஒக்டோபர் 13, திங்கள்

நேரில் போனேன். நல்ல அபாயா, குடை, இன்வொய்ஸின் இரண்டு பிரதி. வரவேற்பில் இருந்த பையனிடம் சேனக்கவைக் கேட்டேன்.

“சேனக்க சேரா? அவர் ஓகஸ்ட்லயே போயிட்டாரே. இப்ப கட்டார்ல.”

“அவருக்கு வர்ற ஈமெயில்?”

அவன் தோளைக் குலுக்கினான். “யாரும் பாக்குறதில்லன்னு நினைக்கிறேன்.”

இப்போது அந்த இடத்தில் கௌசல்யா என்று ஒருவராம். இன்று லீவு. அவருடைய ஈமெயில் முகவரியை ஒரு துண்டில் எழுதித் தந்தான்.

இறங்கி வந்து வாவிக்கரைச் சுவரில் உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது, அதோடு கண்ணீரும். பணிந்து எழுதியது, கெஞ்சி எழுதியது, மழையில் எழுதியது, எல்லாம் ஆளில்லாத அறைக்குள் போய் விழுந்திருக்கின்றன. என் சொற்கள் சரியில்லை என்று இத்தனை நாள் நினைத்தேன். முகவரி சரியில்லை.

நீர்க்காகங்கள் மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. தண்ணீரில் அவற்றின் நிழல் தலைகீழாக. பார்த்துக்கொண்டே இருந்தேன். மனம் அமைதியான பிறகு, அங்கேயே ஃபோனில் கௌசல்யாவுக்கு எழுதினேன். தலைப்பில் இன்வொய்ஸ் நம்பர், “கெடு தாண்டியது” என்று. உள்ளே நாலு வரி: என்ன வேலை, எவ்வளவு, எப்போது தந்திருக்கவேண்டும், எந்தத் திகதியில் தருவீர்கள். இன்வொய்ஸை இணைத்தேன். என் ஃபோன் நம்பர்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

கறி அடுப்பில். ஃபோன்.

“ஹலோ, ரிஸ்னா மிஸ்ஸுங்களா? நான் கௌசல்யா பேசுறேன், ஹோட்டல் அக்கவுண்ட்ஸ்ல இருந்து.”

இளம் குரல். மலையகத் தமிழ். அடுப்பைக் குறைத்தேன்.

“ஒங்க பில்லு எங்க கணக்குல ஏறவே இல்ல மிஸ். அதனால சேனக்க சேரோட மெயிலத் தொறந்து தேடினோம். அங்கதான் கெடந்துச்சு. கூடவே ஒங்க மத்த ஈமெயிலும்.”

“அதெல்லாம் வாசிச்சீங்களா?”

“ஆமாங்க. எல்லாத்தையும்.”

காது சுட்டது. அந்த மழை ஈமெயில் பழையதொன்று, தவறாகப் போய்விட்டது என்று ஏதோ உளறினேன்.

“மெனேஜருக்கு அதக் காட்டல மிஸ். நேத்து அனுப்புனதத்தான் காட்டினேன். நாலு வரி, அவருக்கு அதான் புரியும். ஒடனே கையெழுத்துப் போட்டாரு. பாதி வெள்ளிக்கிழமை, பாதி மாசக் கடைசி.” பிறகு குரலைத் தாழ்த்தி: “மத்தது எனக்குப் புடிச்சிருந்துச்சு. நான் அந்த ஹோலுக்குள்ள போனதே இல்ல. எங்க ரூமுக்கு ஜன்னலும் இல்ல.”

நன்றி சொல்லி வைக்கப் போனேன். வைக்கவில்லை.

“கௌசல்யா, வெள்ளிக்கிழமை, மாசக் கடைசின்னு சொன்னதை ஒரு ஈமெயிலா அனுப்புவீங்களா?”

சிரித்தாள். “அனுப்புறேன் மிஸ்.”

வந்துவிட்டது. கறி அடிப்பிடித்துவிட்டது. ஃபஸ்லி குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

ஒக்டோபர் 17, வெள்ளி

காசோலை கையில். கௌசல்யா நான் நினைத்ததைவிடச் சின்னவள், பெரிய ஸ்வெட்டருக்குள். ஊர் நாவலப்பிட்டி, இங்கே போர்டிங்.

“ஹோலைப் பாப்போமா?” என்றேன்.

இருவரும் போனோம். பகல் வெளிச்சம், சாதாரண மண்டபம். மூலையில் கதிரைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கார்ப்பெட்டில் ஒரு கறை. அவள் கண்ணாடியருகே போய் நின்றாள். கீழே வாவி, ஒரு படகு. கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

“ஒண்ணும் அசையலியே மிஸ்.”

“விடியும்போது வரணும்.”

இருவரும் சும்மா நின்றோம். யாரோ கதவைத் திறந்து, “இங்க என்ன?” என்று கேட்கும்வரை.

ஒக்டோபர் 19, ஞாயிறு

கடுகண்ணாவை. இன்று பனி இல்லை. காசோலையை வெள்ளியே காசாக்கியிருந்தேன், ஜூலை பாக்கியை முழுதாகக் கொடுத்தேன். ராஜேந்திரன் அண்ணன் எண்ணாமல் சட்டைப் பைக்குள் வைத்தார். நாளை தீபாவளி. முறுக்கு ஒரு பை கட்டித் தந்தார்கள்.

“எத்தன பூ வேணும், சொல்லுங்க தங்கச்சி.”

சொன்னேன்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

நேற்று கட்டுகஸ்தோட்டை. முடிந்தது. கால் வீக்கம். பூக்களுக்கு நடுவில் மணப்பெண் உட்கார்ந்திருந்ததை மட்டும் கண்ணை மூடினால் காண்கிறேன். அவர்கள் மீதியை வேனில் ஏறுமுன்னே தந்துவிட்டார்கள். அப்படியும் மனிதர்கள்.

பகல் முழுக்கத் தூக்கம்.

ஒக்டோபர் 30, வியாழன்

இடி. கரண்ட் போய் வந்தது.

நாளை ஹோட்டலின் மீதிப் பாதி. வராவிட்டால் சனிக்கிழமை அனுப்ப நாலு வரி தயார்.

கௌசல்யாவுக்குத் தையில் கல்யாணமாம், நாவலப்பிட்டியில். சின்ன ஹோல். வெள்ளை அந்தூரியம்தான் வேண்டுமாம். விலை எழுதி அனுப்பினேன். அனுப்பிய கையோடு ஃபோன் வந்தது.

“மிஸ், வெலையெல்லாம் சரி. காசு எப்பத் தரணும்னு போடலியே?”

“உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? நீங்க தருவீங்கதானே.”

“போடுங்க மிஸ். திகதி இல்லாத பில்ல நானே கட்டுக்கு அடியிலதான் போடுறேன்.”

சிரித்துவிட்டு வைத்தாள். விலை எழுதியதை மறுபடி திறந்தேன். முப்பது நாள் என்று அடித்தேன். அழித்தேன். பதினான்கு என்று போட்டேன்.