பாதிப் பெயரில் நின்ற பட்டியல்

இன்று காலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். ரேஷன் அட்டையில் மருமகளின் பெயரைச் சேர்க்கப் போயிருந்தேன். கடைப் பெண் மருமகளின் படத்தை ஏற்றப் பார்த்தாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. “ஃபைல் பெருசா இருக்குங்கம்மா, ஏறாது” என்றாள். வரிசையில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இந்த ஒரு வரியில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

நாம் இருவரும் ஒரே நாளில்தான் சர்க்கரை ஆலையின் கரும்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தோம். குரும்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் நான் நிரந்தரம். ஏலாக்குறிச்சியிலிருந்து வந்து டவுனில் வாடகை அறையில் இருந்த நீ தற்காலிகம். உனக்கு வருஷா வருஷம் அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் வேலை. கண்ணாடி அறைக்குள் ஒரே ஒரு கம்ப்யூட்டர், வெளியே அதிலிருந்து வயர் இழுத்த, திரையும் கீபோர்டும் மட்டுமுள்ள எட்டு டெர்மினல்கள். எட்டுப் பேரும் ஒரே இயந்திரத்தில், அவரவர் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு நுழைந்து வேலை பார்ப்போம். ஏ.சி. மட்டும் இயந்திரத்துக்கு. “அதுக்கு வேர்க்கக் கூடாதாம்டி, நமக்கு வேர்க்கலாமாம்” என்று நீ முந்தானையால் விசிறிக்கொள்வாய்.

நம் வேலையில் முக்கியமானது வெட்டு உத்தரவுப் பட்டியல். யாருடைய கரும்பை எந்த வாரம் வெட்டுவது என்று அதில்தான் இருக்கும். அதில் பெயர் இருந்தால் வெட்டாள் வருவான், லாரி வரும். இல்லையென்றால் கரும்பு வயலிலேயே நிற்க வேண்டியதுதான். அந்த வருஷம் திருமானூர்ப் பக்கம் நிறைய ஊர்களைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். பட்டியலில் அவை கடைசியில் வரும். அதைத் தயாரித்து அச்சடிக்கும் பொறுப்பு உன்னுடையது.

பட்டியல் போய் ஒரு வாரம் கழித்துத் திருமானூர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் ஆபீசுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் யார் பெயரும் பட்டியலில் இல்லை. “கரும்பு பூத்து நிக்குதுங்க. இன்னும் பத்து நாள் போச்சுன்னா சக்கையத்தான் வெட்டணும்” என்றார் தலைப்பாகை கட்டிய ஒருவர். அவர் சத்தம் போடவில்லை.

அதிகாரி நேராக உன்னிடம் வந்தார். “நீதானம்மா பட்டியல ஓட்டுன? எதை அழிச்ச?”

“அழிக்கலைங்க சார். எங்கப்பா கரும்பே அந்தப் பக்கம்தான் இருக்கு.”

“அப்ப எங்க போச்சு?”

நீ பட்டியலின் கடைசித் தாளை எடுத்து மேசைமேல் விரித்தாய். கடைசி வரியில் ஒரு விவசாயியின் பெயர் பாதியில் அறுந்து நின்றது. நாங்கள் எல்லோரும் அந்தத் தாளைப் பார்த்தவர்கள்தான். நீ ஒருத்திதான் அதன் கடைசி வரியைப் படித்திருந்தாய். “மனுசன் அழிச்சா முழு வரியா அழிப்பான் சார். பாதிப் பேர்ல எவன் நிறுத்துவான்?” என்று கேட்டாய்.

அவர் கேட்டுக்கொள்ளவில்லை. சென்னையிலிருந்து அந்த இயந்திரத்தை நிறுவிய என்ஜினியரை வரவழைத்தார். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனார். ‘ரூட்’ என்று ஒரு பெயர் உண்டே, எல்லா அதிகாரமும் உள்ள பெயர், அதில் நுழைந்து அதே பட்டியலை ஓட்டினார். திருமானூர் மொத்தமும் வந்தது, கடைசி ஆள் வரைக்கும். “மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். இவங்கதான் எதையோ தப்பா அமுக்கியிருக்காங்க” என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று அதைக் கண்ணால் பார்த்தேன்.

இதுவரை உன்னிடம் என் வாயால் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன். முழுப் பட்டியல் கண்ணெதிரே கிடக்கிறது, இவள் எதையாவது அமுக்கித்தான் இருப்பாள் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். உன் வேலைக்குக் கையெழுத்து விழ வேண்டிய மாதம் அது. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

உனக்காக யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. நீயே எழுந்தாய். “சார், ஒரு தடவ என் பேர்ல உள்ள வந்து ஓட்டிப் பாருங்க.”

என்ஜினியர் சிரித்தார். “எந்தப் பேர்ல வந்தா என்னம்மா, மெஷின் ஒண்ணுதானே?”

“மெஷின் ஒண்ணுதான் சார். எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துதான்னு பாத்துடுவோமே.”

குரல் உயரவில்லை, நடுங்கவுமில்லை. அவர் உன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நீ குனிந்து உன் கடவுச்சொல்லைப் போட்டாய். பட்டியலை அவர்தான் ஓட்டினார். அவருடைய விரல்கள்தான் அமுக்கின. பட்டியல் வந்தது. அதே விவசாயியின் பெயரில், அதே எழுத்தில் அறுந்து நின்றது.

என்ஜினியர் தடித்த கையேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகத் தேடினார். சாதாரணப் பெயரில் நுழைகிறவர் உருவாக்கும் ஃபைல் ஒரு மெகாபைட்டுக்கு மேல் வளர முடியாது என்று அதில் இருந்தது. ஹார்ட் டிஸ்கில் எவ்வளவு இடம் காலியாகக் கிடந்தாலும் சரி, அந்த அளவு வந்ததும் அறுத்துவிடும். நம் பட்டியல் தயாரிக்கும் நிரலும் அதைக் கண்டுகொள்ளாமல் முடிந்தது போல நின்றுவிடும். புது ஊர்கள் சேர்ந்த பிறகுதான் நம் பட்டியல் முதல்முறையாக அந்த அளவைத் தாண்டியிருக்கிறது. ரூட் பெயருக்கு மட்டும் அவரே முன்பு வரம்பை ஏற்றி வைத்துவிட்டு மறந்துபோயிருந்தார். இயந்திரமும் ஆள் பார்த்துத்தான் பந்தி பரிமாறியிருக்கிறது.

அவர் நல்ல மனிதர். எழுந்து நின்று, “தப்பு என்னுதுதாங்க” என்றார். அதிகாரிக்கு அப்போதும் விளங்கவில்லை. நீதான் விளங்கவைத்தாய். “குடோன் காலியாத்தான் சார் இருக்கு. எனக்குக் குடுத்த சாக்குதான் சின்னது.”

சாயங்காலத்துக்குள் எட்டுப் பெயருக்கும் வரம்பு ஏறியது. அச்சு இயந்திரம் கடகடவென்று திருமானூர்ப் பக்கங்களைத் துப்பியது. கள அலுவலர் அந்தத் தாள்களை மடித்துக் கையோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். தலைப்பாகைக்காரருக்கு அந்த வாரமே வெட்டு வந்தது. உன் அப்பாவுக்கு அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான். முறை அப்படித்தான் இருந்தது, நீயும் அதைத் தொடவில்லை.

அதிகாரி மறுநாள் உன் தாளில் கையெழுத்துப் போட்டார். ரூட் கடவுச்சொல்லையும் நீயே வைத்துக்கொள் என்றார். நாங்கள் ஏழு பேரும் வாய் பிளந்தோம். நீ வேண்டாம் என்றுவிட்டாய். “அந்தப் பேர்ல உள்ள போனா எல்லாம் நல்லாத்தான் சார் தெரியும். நான் இங்கயே இருக்கேன்.” பைத்தியக்காரி என்று அன்று உன்னைத் திட்டினேன். இன்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது. நிரந்தரமானாய், என்னைவிட மேலே போனாய். ஆனாலும் புதிதாக எது வந்தாலும் கடைசியாகச் சேர்ந்தவரின் பெயரில் நுழைந்துதான் முதலில் ஓட்டிப் பார்ப்பாய்.

திருமானூர்ப் பட்டியல் அச்சான அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது, “நீ என்னடி நெனச்ச?” என்று கேட்டாய். நான் உன்னை நம்பினேன் என்றேன். “பொய் சொல்லாத. தலையக் குனிஞ்சுட்டுல்ல உக்காந்திருந்த” என்று சிரித்துவிட்டு, எனக்கும் சேர்த்து இரண்டு டீ சொன்னாய். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, எனக்குத் தைரியம் இல்லை.

இன்று காலைக் கதையை முடிக்கவில்லையே. மருமகளின் படத்தைச் சின்னதாக்கி ஏற்றியாயிற்று. எனக்கு அடுத்து நின்றவர் ஆலத்தியூர்க்காரர், கையில் போன். போன வாரம் இங்கே போட்ட மனு முழுமையாக இல்லை என்று அவருக்குத் தகவல் வந்திருந்தது. கடைப் பெண் கடையின் கணக்கில் நுழைந்து பார்த்தாள். “எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்கதான் போன்ல எதையோ தப்பா அமுக்கிட்டீங்க” என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் கிளம்ப எழுந்தவள் நின்றேன். “ஏம்மா, ஒரு தடவ அவரு நம்பர்ல உள்ள போய்ப் பாரேன்.”

அவளுக்கு எரிச்சல்தான். இருந்தாலும் அவருடைய எண்ணைப் போட்டு நுழைந்தாள். அங்கே பார்த்தால் மனுவின் கடைசிப் பக்கம் ஏறவே இல்லை. மறுபடி ஏற்றிக் கொடுத்தாள், அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

“நீங்க கம்ப்யூட்டர்ல வேலை பாத்தீங்களாம்மா? எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டாள்.

“எனக்குத் தெரியலம்மா. என்கூட வேலை பாத்தவளுக்குத் தெரியும்” என்றேன். தலையை நிமிர்த்தித்தான் சொன்னேன்.