பேரனுக்கு வாங்கிய கணினி

உன் தங்கை மகள் போன வாரம் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிய அட்டைப்பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. பட்டுப்புடவைக்கு இடுவதை நீ கணினிக்கும் இட்டிருக்கிறாய். கரப்பானுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று வாதாடியிருப்பாய். அதில் எனக்கும் மறுப்பில்லை. “பெரியம்மா இத மட்டும் உங்களுக்குன்னு எழுதி ஒட்டி வச்சிருந்தாவ ஆன்ட்டி” என்றாள் அவள். ஏன் எனக்கு என்று அவள் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை.

ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்றுதான் திறந்தேன். விசைப்பலகைக்கு அடியில் நான்காக மடித்த ஒரு வரைபடத்தாள் கிடந்தது. மடிப்புகள் அடிக்கோல் வைத்துத் தேய்த்தவை போல் நேராக இருந்தன. எந்தத் தாள் என்று தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தேன். அழவில்லை, அது எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். முகம் சூடேறியது, அவ்வளவுதான். எழுபத்து மூன்று வயதில், பூட்டிய வீட்டுக்குள், யாரும் பார்க்காதபோது ஒருத்திக்கு முகம் சூடேறுவது விந்தைதான்.

நீ திருவட்டாற்றில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். நான் நாகர்கோவிலில் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியை, கடைசி ஆண்டுகளில் முதல்வர். பட்டப் படிப்புக் காலத்தில் விடுதியில் ஒரே அறை நமக்கு. ஆனாலும் முதல்வரானபின், உன்னோடு எங்கே போனாலும் நான் இரண்டடி முன்னால் நடந்தேன். நீ கவனித்திருப்பாய். இடைவெளியை அளப்பது உன் தொழிலல்லவா.

பேருந்தில் நீ எப்போதும் ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில்தான் உட்காருவாய். அவர் கியர் மாற்றுவதற்கு ஒரு கணம் முன்பே மடியில் உன் இடது கை அசையும். அதை நான் நரம்புக் கோளாறு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்றபின், தங்கை மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினியில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை நீ கண்டுபிடித்தபோதுதான் விஷயம் விளங்கியது. பார்த்தறியாத நாடுகளின் நெடுஞ்சாலைகளில் சரக்கு ஏற்றிப் போவாய். வேக வரம்பை மீறமாட்டாய், கண்ணாடி பார்க்காமல் திரும்பமாட்டாய். நான் சிரித்தேன். “சிரி. ஏட்டி, ஒனக்கு சீரியலு, எனக்கு லாரி. யாரு கூடுதல் ஊரு பாத்ததுன்னு கடைசியில கணக்கு போடுவம்” என்றாய்.

மடிக்கணினி ஒருநாள் கண்ணை மூடிவிட்டது. உதிரிப் பாகங்களாக வாங்கிப் பூட்டி, விளையாட்டுக்கென்றே ஒரு கணினி செய்துகொள்வது என்று முடிவெடுத்தாய். மூன்று மாதம் படித்தாய். நான் வந்திருந்த ஒரு காலையில் அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினாய்.

“முருங்கக்கா மட்டும் ஒண்ணாந்தரமா வாங்கிட்டு, மத்த காயெல்லாம் வாடினதா போட்டா அவியலு எப்பிடி இருக்கும்? அதே போலாக்கும் இதுவும். பிராசசர் கணக்கு போடும். கிராபிக்ஸ் கார்டு படம் வரையும். கணக்கு வந்தாத்தான் படம் வரும். கணக்கு போடுறவன் மெதுவா போட்டான்னா, வரையிறவன் எம்புட்டு பெரிய கொம்பனா இருந்தாலும் கையக் கட்டிட்டு நிப்பான்.”

“பின்னே எல்லாத்தையும் பெருசா வாங்கிர வேண்டியதுதானே?”

“வாங்கலாம். இந்த வீட்ட வித்தா வாங்கலாம்.”

அந்தத் தாள்தான் இப்போது என் முன்னால் விரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே ஒரு வரியில் காரணம் எழுதியிருக்கிறாய். லாரி விளையாட்டில் சாலையில் போகும் அத்தனை வண்டிகளையும் கணக்கிட்டாக வேண்டும். ஆகவே நல்ல பிராசசர். கார்டு நடுத்தரம் போதும். நினைவகமான ரேம் ஒரே பட்டையாக வேண்டாம், ஜோடியாக, அப்போதுதான் வேகம். பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதே. கண்புரை அறுவை ஆனதால் மானிட்டர் பெரிதாக வேண்டும், பக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிறவன் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் அடைக்கும் பெட்டியான கேபினெட்டுக்கு எதிரே, ‘காற்றோட்டம் போதும், அலங்காரம் வேண்டாம்.’ எல்லாவற்றுக்கும் அடியில் கோடிட்டு, ‘ஒன்று மற்றதைக் காக்க வைக்கக் கூடாது.’

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே உன்னை என் கல்லூரிக்கு எடுத்திருக்கலாம். அப்போது அப்படி நினைக்கவில்லை.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தின் ஓரம், மாடியில் இருந்தது கடை. நீ துணிப்பையோடு வந்தாய். கடைக்காரர் முப்பத்தைந்து வயதுக்காரர்; உன் தாளை வாங்கி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்து, “லிஸ்ட் நல்ல கொள்ளாமே” என்றார். உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். மாணவிக்கு நூற்றுக்கு நூறு கிடைத்தது போல. அந்த நேரத்தில்தான் படியேறி வந்தாள் என் பழைய மாணவி ஒருத்தி. இப்போது ஏதோ அலுவலகத்தில் அதிகாரி. பிரிண்டருக்கு மை வாங்க வந்தவள்.

“மிஸ்! நீங்களா? என்ன இஞ்ச?”

அவள் கேட்டு முடிக்கும்போதே கடைக்காரரும் தலை நிமிர்ந்து, “யாருக்காக்கும் மேடம்?” என்றார்.

நீ வாயெடுத்தாய். நான் முந்திக்கொண்டேன்.

“இவளுக்க பேரனுக்காக்கும்.”

கல்யாணமே செய்துகொள்ளாத உனக்கு ஒரு நொடியில் பேரனைப் பெற்றுக் கொடுத்தேன். மாணவி, “ஓ, அப்பிடியா” என்று சிரித்தாள். அதோடு நின்றிருக்கலாம். பொய் ஒரு சோம்பேறி. தனியாக நிற்காது, முட்டுக்கொடுக்க வேண்டும்.

“பையனுக்கா? அப்பம் இந்த லிஸ்ட் சரிவராதே மேடம். என்ன கேம் களிப்பான்?” என்றார் கடைக்காரர்.

“துப்பாக்கி வச்சுச் சுடுறது. எப்பம் பாத்தாலும் சுட்டுட்டே கெடப்பான்.”

“அப்பிடின்னா கார்டு பெருசா வேணும். இதே தொகையில கார்ட கூட்டினா மத்தத கொறைக்கணும். பிராசசரு, ரேமு, பவர் சப்ளை. மானிட்டரும் செறுசாவும். அதெல்லாம் அவன் பெறகு ஒவ்வொண்ணா கூட்டிக்கிடுவான். லைட்டு உள்ள கேபினெட்டு போடட்டா? இல்லன்னா இந்தப் பயலுவ மூஞ்சத் தூக்கி வச்சுக்கிடுவானுவ.”

“போடுங்க, போடுங்க” என்றேன் நான்.

நீ என்னைப் பார்த்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் பட்டியல் பிழைத்திருக்கும். என் மாணவி முன்னால் நான் பொய்க்காரி ஆகியிருப்பேன். மேசையிலிருந்து தாளை எடுத்தாய், நான்காக மடித்தாய், துணிப்பைக்குள் வைத்தாய். பிறகு கடைக்காரரிடம், “ஆமா, லைட்டும் போடுங்கோ. பயலுக்கு வெட்டம் இல்லாம முடியாது” என்றாய்.

திரும்பும் பேருந்து வேர்க்கிளம்பியைத் தாண்டியது. பிறகு, முன்னால் ஓட்டுநரின் கையைப் பார்த்தபடியே, “எனக்க பேரனுக்கு பேரு என்னட்டி வச்சிருக்க?” என்றாய். நான் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கு நானே பலமுறை விசாரணை வைத்திருக்கிறேன். அறுபத்தொன்பது வயதுக்காரி லாரி ஓட்டி விளையாடுகிறாள் என்றால் ஊர் சிரிக்கும் என்பது முதல் வாக்குமூலம். அது பாதி உண்மைதான். ஊர் உன்னைப் பார்த்துச் சிரிப்பதை நான் தாங்கியிருப்பேன். உன்னோடு வந்தவள் என்று என்னையும் சேர்த்துச் சிரிக்குமே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பெண் எந்த வயதிலும் தனக்குப் பிடித்ததைக் கற்கத் தயங்கக் கூடாது என்று என் பிரிவுபசார விழாவில் முழங்கியவள் நான். நீ முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாய்.

இரண்டு வாரம் கழித்து உன் வீட்டுக்கு வந்தபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் திருவிழாப் பந்தல்போல் ஓடிக்கொண்டிருந்தன. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தாய். நெடுஞ்சாலையில் லாரி நன்றாகத்தான் போயிற்று. நகரத்துக்குள் நுழைந்து, நாலு புறமும் வண்டிகள் சூழ்ந்ததும், படம் நின்று நின்று குதித்தது. நீ நிறுத்த நினைத்த இடத்தைத் தாண்டிப்போய் ஒரு காரின் முதுகில் இடித்தாய்.

“பாத்தியா? ஊருக்குள்ள நொழஞ்சா மூச்சு வாங்குது. கார்டு சும்மா நிக்கி. பிராசசர் கெடந்து சாவுறான்.” கண்ணைக் கசக்கிக்கொண்டாய். “குதிச்சுக் குதிச்சுப் போனா எனக்குத் தலை சுத்துது.”

“கடையில மாத்தித் தரமாட்டானா?”

“ஒரு மாசத்துக்குள்ள கொண்டுவந்தா மாத்தித் தாறேன்னு அன்னைக்கே சொன்னாம்லா. நீயும் வா, போவம். எனக்காக்கும்னு சொல்லிருவம். ஒத்த வார்த்தை.”

“நீ மட்டும் போய்ச் சொன்னா என்ன?”

“நீ சொன்னத நான் போயி பொய்யின்னு சொல்லமாட்டேன். ஒனக்க வாயால நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கேன்.”

பார்ப்போம் என்றேன். முழங்கால் வலி என்றேன். பழைய மாணவியர் கூட்டம் என்றேன். அதற்குள் மாதம் முடிந்துவிட்டது, நீயும் பிறகு கேட்கவில்லை. தொலைபேசியில் மட்டும், என்ன செய்கிறாய் என்றால், “பேரன் ஒறங்குதான். எழுப்பாண்டாம்” என்பாய். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு என் காதுக்கே கேட்கச் சகிக்காமல் இருக்கும்.

அதன்பின் மூன்று வருஷம் அந்தக் கணினியோடுதான் காலம் தள்ளினாய். நகரங்களுக்குள் போகாமல் சுற்றிப் போகும் சாலைகளைத் தேடிப் பிடித்தாய். ஊருக்குள் இறக்க வேண்டிய சரக்கை ஏற்பதையே விட்டுவிட்டாய். ஒருமுறை, “எனக்க லாரி எல்லா ஊருக்கும் வெளியதான் நிக்கி” என்றாய், சாதாரணமாக, புளி வாங்கினதைச் சொல்வதுபோல. மழைக்காலத்தில் ஒரு பகலில், மூளையில் ரத்தக் குழாய் வெடித்து, இரண்டே நாளில் போய்விட்டாய். கோபம் இருந்ததா என்று கேட்க எனக்கு மூன்று வருஷம் கிடைத்தது. ஒருநாளும் கேட்கவில்லை.

தாளைப் பார்த்தபின் கணினியைக் கொடுக்க மனம் வரவில்லை. கீழ்வீட்டுப் பெண்ணை அழைத்து வயர்களை மாட்டச் சொல்லி, இயக்கினேன். திரையில் ஒரே ஒரு படம்தான் இருந்தது, அந்த லாரி. அழுத்தினேன். ஓட்டுநரின் பெயர் கேட்கும் இடத்தில் நீ உன் முழுப் பெயரைத் தலைப்பெழுத்தோடு தட்டியிருந்தாய். பக்கத்தில் எம்.எஸ்சி., பி.எட். வருகைப் பதிவேட்டில் எழுதுவதுபோல. அதற்குக் கீழே, பாதியில் நின்ற ஒரு பயணம். ஏதோ ஒரு துறைமுக நகரம். லாரி அதற்கு வெளியே சாலையோரம் நிற்கிறது. இறக்க வேண்டிய இடம் ஊருக்குள் இருக்கிறது. கடைசியாக ஒரே ஒருமுறை ஊருக்குள் போகலாம் என்று துணிந்து ஏற்றிய சரக்கோ, என்னவோ.

மறுநாள் காலையில் கணினியை ஆட்டோவில் ஏற்றி மார்த்தாண்டம் போனேன். அதே மாடி, அதே கடைக்காரர். தலைமுடி கொஞ்சம் பின்வாங்கியிருந்தது, ஆனால் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உன் தாளை விரித்து, இதில் உள்ளபடி மாற்றிக் கொடுங்கள் என்றேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். யாருக்கு என்று அவர் கேட்பார், சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் நானே, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன்:

“அன்னைக்கு நான் சொன்னது பொய். பேரனெல்லாம் கெடையாது. இந்த லிஸ்ட் அவ எழுதினது, இதுல லாரி ஓட்டினதும் அவதான். இப்பம் அவ இல்ல.”

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்காரர் மட்டும் கையை நிறுத்தி, “அய்யோ, எப்பம் மேடம்?” என்றார். சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடி திருகாணியைப் பிடித்தார்.

“இத அன்னைக்கே சொல்லியிருந்தா இந்தத் தாளுல உள்ளத அப்படியே மாட்டித் தந்திருப்பேனே. அதுல என்ன இருக்கு மேடம்? எங்க மாமாக்கு எழுவது ஆவுது. ரப்பர் வெட்டிட்டு வந்து உக்காந்தாருன்னா கம்ப்யூட்டர்ல கால்பந்து களியாக்கும். மாமி சோறுக்கு மூணு மட்டம் விளிக்கணும்.”

அவ்வளவுதான். நான்கு வருஷம் நான் காத்துவந்த மானத்தின் மதிப்பு அந்தக் கடையில் அவ்வளவுதான்.

மாற்றிய கணினி இப்போது என் மேசையில் இருக்கிறது. விளக்கு இல்லாத கறுப்புப் பெட்டி, பெரிய மானிட்டர். உன் லாரியைக் கிளப்பி ஊருக்குள் கொண்டுபோய்ப் பார்த்தேன். படம் ஓரிடத்திலும் குதிக்கவில்லை. உன் கணக்கு சரி. எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை. முதல் திருப்பத்திலேயே சிக்னல் கம்பத்தில் இடித்தேன். இனி அதைத் தொடப்போவதில்லை. உனக்குச் செய்யும் மரியாதை என்று சொல்லிக்கொண்டு உன் லாரியையும் நசுக்க வேண்டாம்.

தாளை நான்காக மடித்து என் கைப்பையில் வைத்திருக்கிறேன். வங்கியிலும் மருந்துக்கடையிலும் சில்லறை எடுக்கும்போது அதுவும் சேர்ந்து வெளியே வரும். மேசைமேல் ஒரு நிமிஷம் கிடக்க விடுகிறேன். என்ன தாள், யார் எழுதியது என்று யாராவது கேட்டால் சொல்ல உன் பெயர் என் நாக்கில் தயாராக இருக்கிறது, எம்.எஸ்சி., பி.எட். உட்பட. இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.