ஓதி ஊதிய குப்பி

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கால் வீக்கம் வற்றியதா? சிலாவத்துறையில் காற்று அடங்கி, வாப்பா கடலுக்குப் போகிறாரா? போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் மனிதத் தோலின் செல்களை வளர்க்கிறோம். அவை வளர ஒரு புரதம் வேண்டும். மனித உடம்பில் இருப்பதைப் போலவே அதைப் பக்டீரியாவைக் கொண்டு செய்வார்கள். இன்று முதல்முறையாக அந்தப் புரதம் உள்ள குப்பியை என்னிடம் தந்தார்கள். உள்ளே கண்ணுக்கே தெரியாத தூள். "எதெண்டாலும் ஓதி ஊதிப்போட்டுத் தொடங்கு மகள்" என்பீர்களே. மூடியைத் திறந்தேன், முகக்கவசத்தை இறக்கினேன், குர்ஆன் வசனம் ஓதி உள்ளே ஊதிவிட்டேன்.

மூச்சுப் பட்டாலே கிருமி உள்ளே போய்விடும் உம்மா. தூளும் பறந்திருக்கலாம். பயத்தில் யாரிடமும் சொல்லாமல், அதையே கரைத்துச் செல்களுக்கு ஊற்றிவிட்டேன். காலையில் கிருமி பெருகி அவை கலங்கிக் கிடந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ?

வாப்பாவுக்குச் சொல்லாதீங்கோ. எனக்காக ஓதி, வட்ஸ்அப்பில் குரலை அனுப்புங்கோ. கடைசியில் ஊதுகிற சத்தத்தை வெட்டிவிடாதீங்கோ. அதைக் கேட்டால்தான் நித்திரை வரும்.

உங்கள் மகள்,
ஹிதாயா