மயிலின் கீழ் நான் வெட்டிய பெயர்

என் பூங்கொடிக் கண்ணுக்கு,

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. கடை மைசூர் தேவராஜ மொஹல்லாவில் அதே இடத்தில்தான் இருக்கிறது. பலூனும் மெழுகுவத்தியும் காகிதத் தொப்பியும் முன்பைவிட நன்றாகவே ஓடுகின்றன. பிறந்தநாள் விழாக்களில் பிள்ளைகள் முகத்தில் வரைய இப்போது இரண்டு பெண்கள் வருகிறார்கள். கெட்டிக்காரிகள்தான். உன் வாய் மட்டும் இல்லை.

நல்ல சேதியை முதலில் சொன்னால் கெட்ட சேதி வருகிறது என்று உனக்குத் தெரியும். போன மாதம் நான் ஒருத்தியை ஊரறியத் திருடி என்று சொல்லிவிட்டேன் கண்ணு. அதையும் உன் பெயரை வைத்துச் சொன்னேன். எல்லாரும் பார்க்கச் செய்த தப்பு என்பதால் இந்தக் கடிதத்தையும் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நீ ஊதுபத்தி கம்பெனியில் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தவள். போனைப் பார்த்துப் பார்த்து, உன் மகள் முகத்திலேயே வரைந்து பழகினாய். பிரஷ் வாங்க என் கடைக்கு வந்தாய். பில் போடுகிற நேரத்தில் பக்கத்தில் நின்ற ஒரு குழந்தையின் கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி ஒன்று வரைந்துவிட்டாய். அந்தக் குழந்தையின் அம்மா அடுத்த வார விழாவுக்கு உன்னைக் கேட்டாள், நான் அங்கேயே உன்னைப் பிடித்துக்கொண்டேன். சரக்கு நல்லதா என்று பார்க்க எனக்கு அதிக நேரம் ஆகாது.

குழந்தைகள் படத்தை விரலால் காட்டித்தானே கேட்கும்? அதற்கு ஒரு போர்டு வேண்டும் என்று, கண்ணில் பட்ட நல்ல படங்களையெல்லாம் இன்டர்நெட்டிலிருந்து எடுத்து ஒட்டினேன். புலி, சிலந்தி, ராஜகுமாரி கிரீடம், ஒற்றைச் சிறகு வண்ணத்துப்பூச்சி. மறுநாள் பார்த்தால் ஒவ்வொன்றின் கீழும் நீ காகிதத் துண்டில் ஒரு பெயர் எழுதி ஒட்டியிருந்தாய்.

"ஏம்புள்ள, இதெல்லாம் எதுக்கு? குழந்தை பேரையா படிக்கப் போவுது?"

"குழந்தை படிக்காதுக்கா. வரைஞ்சவ ஒரு நாள் படிப்பா."

"இந்தப் புலிய வரைஞ்சவ கொல்கத்தாவுல இருக்கா. நம்ம குவெம்பு நகரு கல்யாண மண்டபத்துக்கா வரப்போறா?"

"வரமாட்டாங்கற தைரியத்துல எடுத்தா அதுக்கு வேற பேருக்கா."

எனக்குச் சுருக்கென்றது. சிரித்து மழுப்பிவிட்டேன். பிறகு போர்டை ஃப்ளெக்ஸில் பெரிதாக அடித்தபோது, பெயர்களையெல்லாம் வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் போடச் சொன்னேன். அந்த இடத்தில் இன்னும் நாலு படம் கொள்ளும். பெயர் எங்கே என்று நீ கேட்டபோது, பிரிண்ட் போடுகிறவன் தவறவிட்டான் என்றேன். அது பொய். அவன் கேட்கத்தான் செய்தான், நான்தான் வேண்டாம் என்றேன்.

நீ சண்டை போடவில்லை. மார்க்கர் எடுத்து ஃப்ளெக்ஸ் மேலேயே எழுதினாய். அழுக்காகத் தெரிகிறது என்று நான் ஈரத்துணியால் துடைத்தேன். அடுத்த விழாவில் மறுபடி எழுதினாய், மறுபடி துடைத்தேன். ஐந்தாறு விழாவுக்கு இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் நீ எழுதுவதை விட்டுவிட்டு வாயால் சொல்ல ஆரம்பித்தாய். "இது கொல்கத்தா அக்காவோட புலி, அசையாம இரு" என்று சொல்லிக்கொண்டே வரைவாய். குழந்தைகளும் வீட்டுக்குப் போய் "நானு கொல்கத்தா ஹுலி" என்று உறுமிக்கொண்டு திரிந்தன. ஒரு தகப்பன் எனக்கே போன் செய்து, கொல்கத்தா புலி என்றால் எக்ஸ்ட்ராவா என்று கேட்டான்.

இப்போது மயிலுக்கு வருகிறேன். போர்டுக்கு அதை நீதான் கொண்டுவந்தாய்; கீழே நீ எழுதிய பெயரையும் மற்றவற்றோடு படிக்காமலே வெட்டினேன், வரையும்போது நீ சொன்னதும் என் காதில் ஏறவில்லை. கண்ணோரம் தலை வைத்து, கன்னத்தில் இறங்கி, காதுக்குக் கீழே தோகை முடிகிற மயில். எந்த விழாவிலும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். நான் கடையின் இன்டர்நெட் பக்கத்தில் அதன் படத்தைப் போட்டு, 'பூங்கொடி மயில்' என்று பெரிய எழுத்தில் எழுதினேன். நீ அன்றைக்கே வந்தாய்.

"அது என் மயில் இல்லக்கா. தூக்கிடுங்க."

"சரி சரி, ரொம்ப அடக்கம் வேண்டாம்."

"அடக்கம் இல்ல. நெஜம்."

மாற்றுகிறேன் என்றேன். மாற்றவில்லை. ஓடுகிற சரக்கின் பெயரை எந்த வியாபாரி மாற்றுவான்? அதற்குள் உனக்குக் காமாலை வந்தது. அப்புறம் எந்தப் பெயரைப் பற்றியும் பேச நேரமில்லாமல் போயிற்று.

போன மாதம் கடைப்பெண் ஒருத்தி போனை நீட்டினாள். "அம்மா, நம்ம மயில பாருங்க." மங்களூரில் ஷைலா என்று ஒருத்தி அதே மயிலை வரைந்து, தன் டிசைன் என்று போட்டிருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. செத்தவள் கேட்கமாட்டாள் என்றுதானே எடுத்தாள் என்று நினைத்தேன். எழுத்துக்கூட்டி எழுதுகிற என் கன்னடத்தில், 'இது எங்க பூங்கொடியுடையது. அவள் இப்போது உயிரோடு இல்லை. திருடியை நம்பாதீர்கள்' என்று அவள் படத்தின் கீழேயே எழுதினேன். நம் வாடிக்கையாளர்கள், உன் கம்பெனி சிநேகிதிகள், எல்லாரும் கூடிவிட்டார்கள். 'நாச்சிகே ஆகல்வா' என்று மட்டும் இருபது பேர் எழுதியிருப்பார்கள். வெட்கமில்லையா என்பதைக் கன்னடத்தில் கேட்டால் கூடக் கொஞ்சம் உறைக்கும். இரண்டே நாளில் ஒரு பள்ளிக்கூடம் ஆண்டு விழாவுக்கு அவளுக்குச் சொல்லியிருந்த வேலையை ரத்து செய்துவிட்டது. அது தெரிந்தபோது, பூங்கொடிக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று உன் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்.

மூன்றாம் நாள் ஷைலா போன் செய்தாள். சண்டைக்குத் தயாராக எடுத்தேன்.

"அம்மா, சண்டைக்குக் கூப்பிடல," என்றாள் கன்னடத்தில். "பூங்கொடி எனக்கு எழுதின மெசேஜ் எங்கிட்ட இருக்கு. அதை எல்லார் முன்னாடியும் போட்டா நான் தப்பிச்சுடுவேன். ஆனா அவங்க போயிட்டாங்கன்னு நீங்க எழுதினதைப் பார்த்துத்தான் தெரிஞ்சுகிட்டேன். ஜனங்க பாதி படிச்சுட்டு அவங்களைத் திட்டுவாங்க. அவங்க திரும்ப வந்து பதில் சொல்ல முடியாது. அதனால உங்களுக்கு மட்டும் அனுப்பறேன். என்ன செய்யறதுன்னு நீங்களே பாருங்க."

அவ்வளவுதான் பேசினாள். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த மெசேஜைப் படித்தேன். நீ கன்னடத்தில் எழுதியது. 'மேடம், நான் மைசூரில் பிறந்தநாள் விழாக்களில் வரைகிறேன். உங்கள் மயிலை வரையலாமா? உங்கள் பெயரைச் சொல்லித்தான் வரைவேன். தோகையைக் கன்னத்தில் நிறுத்தாமல் காதுக்குக் கீழே இறக்கிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. பிடித்தால் நீங்களும் செய்யுங்கள். இடது கன்னத்தில் வரைகிற யோசனை என்னுடையது இல்லை. குழந்தைகள் கேக் தின்றுவிட்டு வலது கையால் துடைப்பதில் அந்தப் பக்கத்துச் சாயம் போய்விடுகிறது என்று எங்கள் கடை அக்கா பழனியம்மா சொன்னார்கள். நீங்கள் அப்படிச் செய்தால் அவர்கள் பெயரையும் போடவும்.'

எப்போது சொன்னேன் பூங்கொடி? எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. ஏதோ ஒரு விழாவில், கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறபோது எரிச்சலில் சொல்லியிருப்பேன். நான் கீழே போட்டுவிட்டுப் போன ஒரு வார்த்தையை எடுத்துத் துடைத்து, என் பெயரோடு மங்களூர் வரைக்கும் அனுப்பியிருக்கிறாய். நீ எழுதின பெயர்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தவளின் பெயரை.

கடையில் ஆட்கள் நின்றார்கள். கூட்டிப் பெருக்குகிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்துகொண்டேன்.

உன் வீட்டுக்காரர் முருகேசனை அன்று சாயங்காலமே வரச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஏனுங்க்கா, செத்தவள இப்ப நீங்களே காப்பி அடிச்சவன்னு சொல்லப் போறீங்களா? அப்படியே வுட்டுருங்க. நாலு நாள்ல மறந்துருவாங்க."

"மறந்துருவாங்க. அந்தப் பொண்ணுக்குத் திருடிங்கற பேர் மட்டும் நிக்கும்."

"எங்க புள்ளைக்கு அவங்கம்மாவோட மயிலுன்னு சொல்லி வச்சிருக்கேனுங்க்கா. இனி என்னன்னு சொல்றது?"

மெசேஜைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். இன்னொருமுறை படிக்கச் சொன்னார். பிறகு மெதுவாக, "இதையே காட்டறேன் புள்ளைக்கு. மயில் வரையறது கத்துக்கலாம், இப்படி எழுதறது கஷ்டம்" என்றார். போகிற போக்கில், "உங்க பேரும் இருக்குதுங்களே. உங்ககிட்ட அனுமதி கேட்டாளா?" என்று ஒரு குத்து வேறு. அவர் உன்னோடு பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தியவர் ஆயிற்றே.

மறுநாள், நான் திட்டி எழுதிய அதே இடத்தில் எழுதினேன். மயில் ஷைலாவுடையது. பூங்கொடி கேட்டு, பெயர் சொல்லி வரைந்தாள். பெயரை வெட்டியவள் கடைக்காரி பழனியம்மா, இரண்டு முறை சொல்லியும் கேட்கவில்லை. ஷைலாவின் சம்மதத்தோடு உன் மெசேஜையும் போட்டேன். திட்டு விழுந்தது. ஷைலா பயந்த மாதிரியே, உன்னைப் பற்றியும் அரைகுறையாகப் படித்த இரண்டு பேர் எழுதினார்கள். உன் கம்பெனி சிநேகிதிகள் அவர்களை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். மீதித் திட்டெல்லாம் எனக்கு. சரியான விலாசத்துக்குத்தான் வந்தது. இரண்டு பிறந்தநாள் ஆர்டர் போயிற்று, போகட்டும். அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் நானே பேசினேன். அந்த விழாவுக்கு வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். அடுத்ததற்குக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். போன வேலையை என்னால் திருப்பி வாங்கித் தர முடியவில்லை.

போர்டைப் புதிதாக அடிக்கிறேன். ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்தவர் பெயர், படிக்கிற அளவில். தேடிப் பிடித்துக் கேட்டு எழுதினேன். முக்கால்வாசிப் பேர் சந்தோஷமாகச் சரி என்றார்கள், ஒருத்தி அழுதே விட்டாள். ஒற்றைச் சிறகு வண்ணத்துப்பூச்சிக்காரி மட்டும் வேண்டாம் என்றாள். அது அவளுடைய அடையாளமாம். எடுத்துவிட்டேன். கடைப்பெண்களுக்கு வருத்தம், நன்றாக ஓடின டிசைன் அது. எனக்கும் வருத்தம்தான், பொய் சொல்வானேன். சில படங்களுக்கு என்ன தேடியும் ஆள் கிடைக்கவில்லை. அவற்றின் கீழே 'எங்களுடையது இல்லை, யாருடையது என்று தெரியவில்லை, தெரிந்தால் சொல்லுங்கள்' என்று போடச் சொன்னேன். இதற்கு இவ்வளவு இடமா என்று பிரிண்ட் போடுகிறவன் கேட்டான். ஆமாம் என்றேன்.

ஷைலா இப்போது மயிலின் தோகையைக் காதுக்குக் கீழே இறக்கித்தான் வரைகிறாள். 'தோகை மாற்றியது மைசூரு பூங்கொடி, இடது பக்கம் சொன்னது பழனியம்மா' என்று கீழே எழுதுகிறாள். என் பெயரை எடுத்துவிடு தாயே, எனக்கு அருகதையில்லை என்று கேட்டுப் பார்த்தேன். "எழுதச் சொன்னது நீங்க இல்லம்மா, அவங்க" என்றாள். நீ இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாயா?

அவளை உனக்குப் பிடித்திருக்கும். நேரில் பார்க்காமலேயே பிடித்துத்தானே எழுதியிருக்கிறாய். உன்னால் எனக்கு மங்களூரில் ஒரு உறவு கிடைத்தது. இந்த வயதில், இந்தத் தொழிலில், இது சின்ன வரவு இல்லை கண்ணு.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன்னுடையதை உன்னுடையது என்று சொல்வேன். உன்னுடையது அல்லாத எதையும், பாசத்தால்கூட, இனி உன் பெயரில் ஏற்றமாட்டேன். நீ நேராக வாழ்ந்த மனுஷி. இரவல் நகை போட்டு உன்னை நான் ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை.

உன் சொல்லைத் தாமதமாகக் கேட்ட,
கடை அக்கா,
பழனியம்மா