நல்ல சட்டையில் எடுத்த படம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சுகமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் மெயிலைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர். சாப்பிட்டேன், தூங்கினேன் என்று ஒரு வரி இல்லை. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய். காகிதம் என்றால் குறுக்கே பேச முடியாது பார். மாமாவின் அலுவலகத்தில் ஒருவர் விடுமுறைக்கு அங்கே வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் கல்லூரிக் கலைநிகழ்ச்சிக்கு முன்பே உனக்குக் கிடைத்துவிடும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்க நீயும் உன் நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் கழுவிப் பணம் சேர்க்கிறீர்களாமே. அம்மா போனில் சொன்னாள். "ஊரான் காரையெல்லாம் கழுவுறான், வீட்டுல தான் சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டான்" என்றாள். திட்டுவது போலத்தான் சொன்னாள், ஆனால் பெருமை குரலில் வழிந்தது. எனக்கும் அப்படித்தான். உலகத்தில் எத்தனையோ பள்ளிக்கூடங்கள் இருக்க, அக்கா பாடம் நடத்துகிற பள்ளிக்கூடம்தான் வேண்டும் என்று உன் கூட்டத்தோடு சண்டை போட்டு ஜெயித்தாயே, அதை நினைத்தால் வகுப்பு நடுவிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இங்கே எங்கள் தலைமையாசிரியரை எல்லோரும் பெரிய சார் என்போம். அவர் செய்திருக்கிற கூத்தைக் கேள். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதையாக, சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, கதவில் "கம்ப்யூட்டர் அறை" என்று பலகையும் மாட்டிவிட்டார். உள்ளே ஒன்றும் கிடையாது. தச்சு வேலை செய்யும் ஒரு மாணவனின் அப்பா கூலி வாங்காமல் செய்து கொடுத்த நீள மேஜைகள் மட்டும் இருக்கின்றன. ஆனாலும் பிள்ளைகள் அந்த அறைக்குள் போகும்போது கதவைத் தட்டி அனுமதி கேட்டுவிட்டுப் போகிறார்கள். யாரிடம் கேட்கிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கலைநிகழ்ச்சியில் நன்கொடை கேட்கும்போது திரையில் காட்டப் பிள்ளைகளின் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டாய், அனுப்பினோம். அதற்கு நீ எழுதிய பதிலை உனக்கே ஒருமுறை படித்துக் காட்டுகிறேன். "பிள்ளைகள் ரொம்ப நன்றாக இருக்கிறார்கள் அக்கா. இதைப் போட்டால் ஒருத்தரும் பர்ஸைத் திறக்க மாட்டார்கள். பழைய சட்டையில், செருப்பு இல்லாமல், இடிந்த சுவர் பக்கம் நிறுத்தி இன்னொன்று எடு. சிரிக்க வேண்டாம் என்று சொல்."

படித்ததும் எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. அப்போதே உன்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மாமாதான் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "சின்னப் பையன், நல்லதை நினைச்சுத்தான் சொல்றான், கடிச்சு வைக்காதே" என்றார். சரி என்று மறுநாள் பெரிய சாரிடம் காட்டினேன். அவராவது கோபப்படுவார் என்று பார்த்தால், "இதுல என்ன டீச்சர் இருக்கு? நாடகத்துல பிச்சைக்காரன் வேஷம் போட்டவன் பிச்சைக்காரன் ஆயிடுவானா? நமக்குக் காரியம் ஆகணும்" என்று என்னையே மடக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளையடித்த அறையைத் தினமும் பூட்டித் திறப்பவர் அவர்.

ஆக, பிள்ளைகளைப் பழைய சட்டையில் வரச் சொல்லி, இடிந்த சுவர் ஓரம் கொண்டுபோய் நிறுத்தினோம். விஷயத்தைச் சொன்னதும் அவர்களுக்குக் கொண்டாட்டம். யார் நன்றாக அழுவது என்று போட்டியே நடந்தது. ஒருவன் சோகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்தபடி நின்றான். பக்கத்திலிருந்தவன், "டேய், இது வயித்துவலிடா" என்றான். அவ்வளவுதான், வரிசை முழுக்கச் சிரித்து உருண்டது. பெரிய சார் அதட்ட, நானே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நிற்க வேண்டியதாயிற்று.

சிரிப்பு அடங்கியபோது ஒருத்தி மட்டும் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் அவளுக்கு வகுப்பில் வக்கீல் என்று பெயர். என்னம்மா என்றேன். "இந்தப் படம் அங்க பெருசாத் தெரியுமா டீச்சர்?" என்று கேட்டாள். சுவர் அளவுக்குத் தெரியும், நூற்றுக்கணக்கான பேர் பார்ப்பார்கள் என்று பெரிய சார் பெருமையாகச் சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க அம்மாவும் ஒரு நாள் பார்க்கும்ல? போன தடவை பக்கத்து வீட்டுல சட்டை கேட்டு வாங்கி, துவைச்சு, இஸ்திரி போட்டுக் கொடுத்துச்சு. அந்தச் சட்டை எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள்.

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை தம்பி. பதில் தெரியாமல்தான் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் வயிற்றுவலிக்காரன் போய்த் தன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தான். அப்புறம் இன்னொருத்தி. பெரிய சார் கேமராவை உறைக்குள் போட்டுவிட்டு, மணி அடிக்கச் சொல்லிப் போய்விட்டார். மாலையில் என்னைக் கூப்பிட்டு, "முதல் படமே இருக்கட்டும் டீச்சர். பணம் வந்தா வரட்டும்" என்றார். சொன்னாரே தவிர, குரல் இறங்கிப் போயிருந்தது.

ஏன் இறங்காது? இந்த வருஷத்திலிருந்து மேல்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு முழுக்கக் கம்ப்யூட்டரில்தான் என்று சொல்லிவிட்டார்கள். படம் எடுப்பதற்கு முந்தின வாரம்தான் மாதிரித் தேர்வுக்கு எங்கள் பெரிய வகுப்புப் பிள்ளைகளை டவுனுக்குக் கூட்டிப் போனேன். வக்கீல் கணக்கில் புலி. நான் பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். அங்கே போய் மவுஸைப் பிடித்தால் அம்புக்குறி ஒரு பக்கம் ஓடுகிறது, அவள் ஒரு பக்கம் ஓடுகிறாள். பாதிக் கேள்விக்கு வருவதற்குள் நேரம் முடிந்து திரை மூடிக்கொண்டது. வரும் வழியெல்லாம், "எல்லாமே தெரிஞ்ச கணக்கு டீச்சர்" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டர் வராவிட்டால் உண்மையான தேர்விலும் இதுதான் நடக்கும். அது தெரிந்தேதான் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். அதனால் எனக்குப் பயமே இல்லை என்று நினைத்துவிடாதே.

மேடையில் இதைச் சொல்லேன். தெரிந்த கணக்கைப் போட முடியாமல் திரும்பி வந்த பெண்ணைப் பற்றிச் சொல். கேட்பவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கும், புரிந்துகொள்வார்கள். புரியாதவன் அழுகிற படத்துக்கும் சில்லறைதான் போடுவான். அதை விட்டுவிட்டு, அக்கா அனுப்பவில்லை என்று நெட்டிலிருந்து எவன் வீட்டுப் பிள்ளையோ அழுகிற படத்தை எடுத்துப் போட்டுவிடாதே. உன்னை எனக்குத் தெரியும். அவசரத்தில் செய்தாலும் செய்வாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு வேலை போயிருந்த சமயம். ஏதோ ஒரு சங்கத்திலிருந்து வந்து நம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் கொடுத்தார்கள். அம்மா உனக்கு இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டு, தண்ணீர் தொட்டுத் தலை வாரி, வரிசையில் கொண்டுவந்து விட்டாள். படம் எடுக்கிறவர் உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து, உன் தலைமுடியைக் கையால் கலைத்து, மேல் பொத்தானையும் கழற்றிவிட்டார். கெட்டவர் இல்லை. உனக்கு மிட்டாய் கொடுத்தார், நீ பல்லெல்லாம் தெரியச் சிரித்தாய். அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு நன்றியும் சொன்னாள். அந்த நோட்டுகளில்தான் நான் அந்த வருஷம் முழுக்கப் படித்தேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் திரும்பி வரும்போது அம்மா நடுத்தெருவில் நின்று, சீப்பை எடுத்து, உனக்கு மறுபடியும் தலை வாரிவிட்டாள். வீடு அடுத்த தெருவில்தான் இருந்தது. அதுவரை அவளால் பொறுக்க முடியவில்லை.

இதைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்காதே. என்னிடமும் அவள் ஒருநாளும் பேசியதில்லை.

நிகழ்ச்சிக்கு அம்மாவுக்கு முன் வரிசையில் இடம் பிடித்திருக்கிறாயாம். புதுப் புடவை எடுத்திருப்பதாக நேற்று அவளே சொன்னாள், குழந்தை மாதிரி. திரையில் எந்தப் படத்தைப் போடுவது என்று இனி நீயே முடிவு செய்துகொள். பணம் வந்தாலும் சரி, குறைந்தாலும் சரி, இங்கே உன்னை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். படம் வரும்போது நீ மட்டும் திரையைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிரு.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அக்கா