வாயில் பறி இருக்கும்போது சிரிக்கச் சொன்னவர்

அன்பு மகன் ராஜேந்திரனுக்கு, பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து உன் அம்மா நாகம்மாள் எழுதுவது. நானும் உன் நைனாவும் சுகம். நீயும் போர்ட் பிளேரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், இல்லையென்றால் உடனே எழுது, உன்னைத் திட்டி நாளாகிறது. அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துப் படி.

நாலு வருஷமாச்சு, உன் முகம் மறந்துடும் போலிருக்கும்மா, ஒரு போட்டோ அனுப்பு என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பெத்தவள் முகம் மறக்குமாடா பாவி? அப்புறம் யோசித்தேன், போட்டோவுக்கு இங்கே என்ன பஞ்சம், ஞாயிற்றுக்கிழமையானால் சென்னையிலிருந்து கேமராவை மாட்டிக்கொண்டு ஒரு கூட்டமே வருகிறதே. முதலில் டச்சுக்காரன் கல்லறைக்குப் போய் அங்கே செதுக்கியிருக்கிற எலும்புக்கூட்டை எடுப்பார்கள், அது முடிந்ததும் எங்களை எடுக்க வருவார்கள். எலும்புக்கூடு தானாகவே பல்லைக் காட்டுவதால் அதைச் சிரிக்கச் சொல்வதில்லை, எங்களைத்தான் சொல்வார்கள். அதில் வீரராகவன் என்று ஒருவர், பேங்க் ஆபீசராம், வாராவாரம் தவறமாட்டார். நாங்கள் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறோம், பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறோம், மனுஷன் கரையில் நின்றுகொண்டு சிரிம்மா, சிரிம்மா என்கிறார். தொல்லை தாங்காமல் ஒருநாள் சிரித்துத் தொலைத்தேன். பறி நழுவி, விடிந்ததிலிருந்து பிடித்த இறால் அத்தனையும் ஏரிக்கே போயிற்று. இன்னாடி, இன்னிக்கு இறாலுக்கெல்லாம் விடுதலையா என்று பக்கத்தில் இருந்த எல்லம்மா கேட்கிறாள். அவரோ, அந்த ஏமாத்தம் முகத்துல அருமையா வந்திருக்கும்மா என்று சந்தோஷப்படுகிறார்.

சரி, இறால் போனது போகட்டும் என்று, என் மகனுக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்க என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு என்றார். நானும் நீ அனுப்பிய பச்சைப் புடவையைக் கட்டி, பவுடர் பூசி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு போனேன். இன்னாடி, பொண்ணு பாக்க வர்றாங்களான்னு எல்லம்மா கேட்டது கூடப் பரவாயில்லை, அவர் முகம்தான் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. இயல்பா இல்லம்மா, அந்தப் பழைய புடவையிலயே தண்ணில உக்காருங்க, பறியைக் கடிச்சுக்குங்க என்றார். மகனுக்கு அனுப்பணும் ஐயா என்றேன். இதைத்தான் உங்க மகன் காலத்துக்கும் வெச்சிருப்பான் என்றார். படித்தவர் சொல்கிறாரே என்று திரும்பிப் போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தேன், என்னைச் சொல்லவேண்டும்.

போன வாரம் தபாலில் என் படம் அச்சடித்த ஒரு கெட்டி அட்டை வந்தது. சென்னையில் போட்டோக் கண்காட்சி வைத்தார்களாம், என் படத்துக்கு முதல் பரிசாம், பரிசு அவருக்குத்தான். படத்துக்கு 'மௌனம்' என்று பேர் வைத்திருக்கிறார். உன் நைனா அதைப் படித்துச் சிரித்ததில் கஞ்சி புரையேறி, தலையில் நாலு தட்டு தட்டவேண்டியதாயிற்று. நான் கூப்பிட்டால் அடுத்த ஊர் தோணிரேவில் இருக்கிற நாய் திரும்பிப் பார்க்கும், எனக்கு மௌனமாம். மூக்குக்குக் கீழே முழுக்கப் பறிதான் இருக்கிறது, கண் மட்டும் தெரிகிறது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பறியைக் கடித்துக் கடித்து முன்பல் இரண்டு போன வருஷமே போய்விட்டது. நீ வருத்தப்படுவாய் என்று எழுதவில்லை. அந்தப் பச்சைப் புடவையோடு எடுத்திருந்தாலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டுதான் நின்றிருப்பேன்.

பனியில் தலையை நனையவிடாதே, பல்லைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும். அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். அதில் பாதி முகம்தான் இருக்கிறது ராசா, மீதியைத் தபாலில் அனுப்ப முடியாது, பொங்கலுக்கு வந்து பார்த்துக்கொள்.

மௌனமாக இருக்கும்
உன் அம்மா,
நாகம்மாள்