கூரையில் அறுக்கப்பட்ட முப்பத்திரண்டு கம்பிகள்

அனுப்புநர்:
எம். எஸ். றலியா,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மேட்டு ஒழுங்கை,
மடவளை பஜார்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
நுகர்வோர் முறைப்பாட்டுப் பிரிவு,
மாவட்டச் செயலகம்,
கண்டி.

விடயம்: உண்மையை மறைத்துச் செய்யப்பட்ட கூரைச் சூரிய மின் ஒப்பந்தத்தை இரத்துச் செய்து, இழப்பீடு பெற்றுத் தருமாறு கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் முப்பத்தொரு வருடம் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள். கேள்வியை இரண்டு தரம் வாசித்த பிறகுதான் பேனையைத் திறக்க வேண்டுமென்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போனது. அப்படிப்பட்ட நான் 'மலைக்கதிர் சோலார்' நிறுவனத்தின் பதினான்கு பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் ஒரு வரியும் வாசிக்காமல் கையொப்பமிட்டேன். இதைத் தாங்கள் வேறு யாரிடமாவது கேட்டுச் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

2. எங்கள் வீட்டுக் கூரைக்கு 2004ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொங்கிறீட் போட்டோம். கலவை மெஷின் பத்து மணிக்கே நின்றுவிட்டது. ஒழுங்கை ஆண்கள் எல்லாரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, கையாலேயே கலந்து, ஏணியில் வரிசையாக நின்று தாச்சி தாச்சியாக மேலே ஏற்றினார்கள். நான் நாற்பது பேருக்குச் சோறும் இறைச்சிக் கறியும் ஆக்கினேன். அஸர் தொழுகைக்கு முன் வேலை முடிந்தது. அன்றைய கூச்சலும் சிரிப்பும் இன்றைக்கும் என் காதில் இருக்கின்றன. அதற்குப் பிறகு என் வீட்டில் அவ்வளவு சந்தோசமான நாள் ஒன்று வந்ததாக எனக்கு நினைவில்லை.

3. எட்டுத் தூண்களிலும் நான்கு நான்காக முப்பத்திரண்டு கம்பிகளை மேலே நீட்டி விடச் சொன்னவர் என் கணவர் சாஹுல் ஹமீது. பெண்பிள்ளைக்கு இருக்க ஓர் இடம் கொடுத்து நிக்காஹ் செய்வது எங்கள் குடும்ப வழக்கம். கீழ் வீடு மூத்தவள் அஸீமாவுக்கு, மேல் வீடு இளையவள் ஷஹ்மாவுக்கு. அப்போது ஷஹ்மாவுக்கு மூன்று வயது. தனக்கு வீடு கட்ட நட்டிருக்கும் கம்பிகள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவள் காட்டுவாள். கம்பிகள் துருப்பிடிக்காமலிருக்க அவர் வருடந்தோறும் சீமெந்துப் பால் பூசுவார். 2019இல் அவர் மௌத்தான பிறகு நான் பூசினேன்.

4. அந்தக் கூரையில் நாங்கள் கராம்பு காயவைத்தோம். கம்பிக்குக் கம்பி கொடி கட்டி உடுப்பு உலர்த்தினோம். மேற்கே மலை தாழ்ந்து வானம் நன்றாகத் தெரியுமென்பதால், நோன்புப் பிறை பார்க்க அந்திப் பொழுதில் ஒழுங்கையே எங்கள் வீட்டுப் படியேறும். கைபிடிச் சுவர் இல்லாதபடியால் என் கணவர் படியடியில் நின்று முப்பது பேருக்கு மேல் விடமாட்டார். பதினைந்து வருடத்தில் அவரும் நாங்களும் பிறையைக் கண்டது மூன்றே தரம். மற்ற வருடமெல்லாம் மேகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து றேடியோவில்தான் கேட்டோம். ஆனாலும் அடுத்த வருடமும் ஏறினோம்.

5. 2023 நவம்பரில் நிறுவனத்தின் முகவராக எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஜவாஹிர். முன்பு ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தவர். பொருளாதார நெருக்கடி வருடத்தில் கடையை மூடிவிட்டு இந்த வேலைக்குப் போனவர். என் கணவரை 'நானா' என்றே அழைப்பார். எங்கள் கம்பிகளை விற்றவரும் அவரே, கொங்கிறீட் நாளில் ஏணியின் உச்சியில் நின்று கடைசித் தாச்சியை வாங்கியவரும் அவரே. கூரையைக் கொடுத்தால் மின் பட்டியல் பாதியாகும் என்றார். மேல் வீடு கட்டும் விடயத்தைக் கேட்டேன். "நானா போட்ட கம்பியில நாங்க கை வைப்பமா டீச்சர்? கட்டுற நேரம் சொன்னாக் கழட்டித் தருவாங்க" என்றார். நிறுவனம் அச்சிட்ட தமிழ்த் துண்டுப் பிரசுரத்திலும், வேண்டியபோது கழற்றித் தரப்படும் என்றே உள்ளது (இணைப்பு 1).

6. நம் வீட்டில் சாப்பிட்டுப் பழகிய மனிதர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் நீட்டிய கடதாசியை அவர் முன்னாலேயே கண்ணாடி போட்டு வரி வரியாக வாசிப்பது அவரைக் கள்ளன் என்று சொல்வதற்குச் சமன். எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்யமாட்டோம். நானும் செய்யவில்லை. இந்த வழக்கம் நிறுவனத்துக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே ஒவ்வோர் ஊருக்கும் அவ்வூராரையே முகவராகப் பிடிக்கிறார்கள்.

7. இரண்டு மாதத்தில் வேலையாட்கள் வந்தார்கள். நான் கண்டி ஆஸ்பத்திரியில் கண் காட்டப் போயிருந்த நாள் அது. திரும்பி வந்தபோது கூரை முழுவதும் பெனல்கள். நிழல் விழுமென்று முப்பத்திரண்டு கம்பிகளையும் அடியோடு அறுத்துவிட்டிருந்தார்கள். நான் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என் கணவரின் ஜனாஸா அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

8. பின்னர்தான் ஒப்பந்தத்தை வாசித்தேன். பதினோராம் பக்கத்தின்படி இருபது வருடத்துக்குக் கூரை நிறுவனத்தின் பாவனைக்கே உரியது; அதன்மேல் எதுவும் கட்டக்கூடாது. மின் பட்டியல் குறைந்தது உண்மைதான், அதில் பொய் எழுதமாட்டேன். ஆனால் ஷஹ்மாவின் நிக்காஹ் வரும் கார்த்திகையில். இருபது வருடம் முடியும்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயதாகிவிடும். கட்டுகஸ்தோட்டையில் வாடகை அறை பார்க்கிறார்கள். அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

9. நிறுவனத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். கையொப்பம் என்னுடையது என்பதே அவர்களின் ஒரே பதில் (இணைப்பு 2). இந்த ஒழுங்கையில் இன்னும் ஆறு வீடுகளில் இதே ஒப்பந்தம் இருக்கிறது. எல்லாருக்கும் சொன்னது தமிழில், எழுதியது ஆங்கிலத்தில்.

10. ஆகவே ஐயா, இவ்வொப்பந்தத்தை இரத்துச் செய்வித்து, நிறுவனத்தின் செலவிலேயே பெனல்களைக் கழற்றி, தூண்களில் புதிதாகக் கம்பி நட்டுத் தரச் செய்யவும். துளையிட்டு நடலாம் என்று பொறியியலாளர் எழுதித் தந்துள்ளார் (இணைப்பு 3). மற்ற ஆறு வீட்டாருக்கும் நியாயமான இழப்பீடு கிடைக்க வழி செய்யவும். எனக்குப் பட்டியலில் மேலும் கழிவு தருவதாக நிறுவனம் சொன்னால், அதை நான் ஏற்கமாட்டேன் என்பதை இப்போதே அறியத் தருகிறேன். அறுத்த கம்பித் துண்டுகள் என் கட்டிலுக்கு அடியில் உள்ளன. தபாலில் அனுப்ப வழியில்லாததால் படம் மட்டும் இணைத்துள்ளேன் (இணைப்பு 4).

11. ஜவாஹிர்மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். பதினோராம் பக்கத்தை நான் காட்டியபோதுதான் அவரும் அதை முதன்முதலாகப் பார்த்தார். நிறுவனம் தந்ததை அவர் வாசிக்கவில்லை, அவர் தந்ததை நான் வாசிக்கவில்லை. அடுத்த கிழமையே அந்த வேலையை விட்டுவிட்டார். இந்த வருடம் பிறை பார்க்கும் நாளில் வழக்கம்போல எங்கள் படியடிக்கு வந்தவர்களை, மேலே இடமில்லை என்று திருப்பி அனுப்பியவரும் அவரே. இம்மனுவுக்குச் சாட்சியாகக் கீழே கையொப்பமிட முன்வந்துள்ளார்.

என் வீட்டு மேசையில் அவருக்குத் தேத்தண்ணீர் வைத்துவிட்டு, இதுவரை எழுதிய மனுவை அவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, என் முன்னாலேயே வரி வரியாக இரண்டு தரம் வாசித்தார். அதன் பிறகே பேனையைத் திறந்தார்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) எம். எஸ். றலியா

சாட்சி: (ஒப்பம்) ஏ. எம். ஜவாஹிர்

இடம்: மடவளை பஜார்
திகதி: 2025.05.12